ரேடியேட்டருக்குப் பட்டு கட்டி காஞ்சிபுரம் போய்வந்தது

காரில் கட்டியிருந்த சாமி மாலையை நான் ஐயம்பேட்டை ரோட்டில் பிடுங்கி எறிந்ததாக உறவினர்கள் பேசிக்கொள்கிறார்கள். எறியவில்லை. அவிழ்த்துப் பின் சீட்டில் வைத்தேன். கான்வென்டில் படித்ததால் எனக்குப் பக்தி குறைவு என்பவர்களும் முழு விவரத்தையும் படிக்கட்டும்.

என் காருக்குப் பதினைந்து வருடம் முடிந்து, மறுபதிவும் கிடைத்தது. கிடைத்தால் சின்ன காஞ்சிபுரத்தில் பூஜை போடுவதாக டிரைவர் ஏகாம்பரம் வேண்டிக்கொண்டிருந்தார். என் மகனோ, "இன்னொரு தடவை ரோட்ல நின்னா வித்துடுவேன்மா" என்று சொல்லியிருந்தான். கணவர் போன பிறகு, யாரையும் கேட்காமல் நான் வெளியூர் போய்வருவது இந்த வண்டியில்தான்.

சித்திரை மாத ஞாயிறு, காலை ஆறரைக்குச் செங்கல்பட்டிலிருந்து கிளம்பினோம். வாலாஜாபாத் வழியாக நாற்பது கிலோமீட்டருக்குள்தான். பெருமாள் தரிசனம் நன்றாகவே கிடைத்தது. மாலை, தேங்காய், வண்டி பூஜை எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய். அங்கே தறி வைத்திருக்கும் ஏகாம்பரத்தின் அக்கா, தன் பங்குக்கு ஒரு துண்டு அரக்குப் பட்டைக் கொண்டுவந்து, முன்பக்க கிரில்லை மூடி இறுக்கிக் கட்டினார். அதன் மேல் மாலை.

"பரிவட்டம் கட்னாப்ல இருக்குதுமா. வீடு போற வரைக்கும் அவுக்காதீங்க" என்றார் அக்கா.

பதினொன்றரைக்குத் திரும்பினோம். ஐயம்பேட்டை தாண்டியதும் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டுக்கு ஏறியது. டீக்கடை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். மகன் சொன்னதுதான் மனதில் ஓடியது. ஏகாம்பரம் தோள் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார்.

"தொடாதப்பா. வெந்நீர் மூஞ்சில அடிக்கும்."

பக்கத்து டப்பாவில் தண்ணீர் கோடு வரை இருந்தது. விசிறியும் சுற்றியது. எஞ்சினின் சூட்டைத் தண்ணீர் வாங்கி ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குக் கொண்டுவருகிறது. முன்னால் வரும் காற்றுதான் அதை வெளியே கொண்டுபோக வேண்டும். அந்தக் காற்றுக்கு வழியே இல்லை. விசிறி இழுத்த இழுப்பில் பட்டு கிரில்லோடு ஒட்டிப்போயிருந்தது.

டீ குடித்துக்கொண்டிருந்த ஜேசிபி ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "எங்க வண்டில வைக்கோல் அடைச்சாலே சூடேறிப்பூடும் ஆயா. நீங்க பொடவையே கட்டி வுட்டுக்கினு வர்றீங்களே. டீத்தூள் போடுங்க, பாய்லர் ரெடி."

ஆயா என்றதைப் பெரிதுபடுத்தவில்லை. ஏகாம்பரம் மட்டும் சிரிக்கவில்லை.

"அவுத்தா சாமி குத்தம்மா. அக்கா என்னைத் தொலைச்சிடும்."

"வண்டி போச்சுன்னா என் பையன் வித்துடுவான். அப்புறம் உங்க அக்கா எதுல கட்டும்?"

முடிச்சுகளை நானே அவிழ்த்தேன். அரை மணி நேரத்தில் முள் நடுவுக்கு இறங்கியது. செங்கல்பட்டு வரை அசையவே இல்லை. மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினைச் சோதித்து, ஒரு சேதமும் இல்லை என்றார்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சாப்பாடே இறங்கியது.

பூஜைக்குப் போகிறவர்களுக்கு: மாலையை பானெட் மேல் போடுங்கள், கிரில்லை மூடாதீர்கள். முள் ஏறினால் ஏசியை அணைத்து ஓரம்கட்டுங்கள். சூடு தணியும்வரை மூடியைத் தொட வேண்டாம்.

இனி என் மகனுக்கு. பட்டு கட்டியதால்தான் வண்டி சூடேறியது. அதன் வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போனில் பேச வேண்டாம். விற்கப்போவதில்லை என்று எனக்கு எழுத்தில் பதில் அனுப்பு.