அதனாலென்ன மேடத்தின் பச்சைப் பேனா

கல்லூரியில் அவருக்கு 'அதனாலென்ன மேடம்' என்று பெயர். ஆய்வுக் கட்டுரையின் வரைவை யார் கொடுத்தாலும், ஓரமெல்லாம் பச்சை மையில் 'அதனாலென்ன?' என்று எழுதித் திருப்பித் தருவார். விவரம் சொன்னாய், சரி, அதிலிருந்து உனக்கு என்ன புரிந்தது என்று அதற்கு அர்த்தம். பட்டப்பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

வீட்டிலும் கை சும்மா இருக்காது. கணவர் எழுதும் கடைச் சீட்டில் 'சோப்பு' என்று இருந்தால், பக்கத்தில் 'எது? எத்தனை?' என்று பச்சை ஏறிவிடும். "உன்னைக் கட்டிக்கிட்டதுல இருந்து நானும் திருத்தி எழுதிக்கிட்டேதான் இருக்கேன்" என்று அந்த நல்ல மனிதர் வேறு சீட்டு எடுப்பார்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. கடைசி வரைவுக்கு அடியில் பழைய வரைவுகளையும் வைத்துப் பின் அடித்துத் தர வேண்டும். அவர் என்னவோ மேலே இருப்பதை மட்டும்தான் படிப்பார். முப்பத்தெட்டுக் கட்டுகளையும் அடிவரை புரட்ட யாரால் முடியும்?

அன்று மதியம் கடைசி வரிசைப் பெண்ணின் கட்டுரை கைக்கு வந்தது. மருத்துவமனையில் டோக்கன் வாங்கியவர்கள், நாற்காலி காலியாக இருந்தும் ஏன் எழுந்து நிற்கிறார்கள் என்பது ஆய்வு. பன்னிரண்டு நாள் போய் எண்ணியிருந்தாள். எல்லாம் நன்றாகப் போய், முடிவுரையில் மேடம் முகம் சுளித்தார். 'காத்திருப்போரின் நடத்தை பல்வேறு சமூகக் காரணிகளின் ஒருங்கிணைந்த வெளிப்பாடாகும்.' அடுத்த நாலைந்து வரிகளும் அதே ரகம். வாயைத் திறக்காத பெண்ணுக்கு இந்த நடை ஏது? எங்கிருந்தோ சுட்டதுதான் என்று தீர்மானித்து, 'நகல்' என்று படிவம் எழுதி, துறைத்தலைவர் மேசையில் வைத்துவிட்டு வந்தார். மூன்று மணிக்கு அவர் கையெழுத்துப் போட்டால் பூஜ்யம். அந்தப் பெண் ஒரு வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டியதுதான்.

இரண்டே முக்காலுக்கு அவளைக் கூப்பிட்டார்.

"இது யார் எழுதினது? உண்மையைச் சொல்லு."

அவள் கண் கலங்கியது. "அடியில பாருங்க மேடம்."

மேடம் புரட்டினார். இரண்டாம் வரைவில் அவள் எழுதிய முடிவுரையை ஒரே கோடாக அடித்திருந்தது. ஓரத்தில் அந்த வாக்கியங்கள் அத்தனையும் இருந்தன. பச்சை மையில். அவருடைய கையெழுத்தில்.

கோட்டுக்கு அடியில் அவள் எழுதியதும் தெரிந்தது. 'அவசரத்தால் நிற்கவில்லை. உட்கார்ந்தால் தங்களை மறந்துவிடுவார்களோ என்ற பயத்தால் நிற்கிறார்கள்.'

மேடம் அதை இரண்டு முறை படித்தார். இவ்வளவு நல்ல வரியையா அடித்தோம்!

"அடிச்சப்போ நீ ஏன் கேக்கல?"

"நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன் மேடம்."

அதற்கு மேல் உட்கார முடியவில்லை. செருப்பு பாதி காலில் ஏறியும் ஏறாமலும் துறைத்தலைவர் அறைக்கு ஓடினார். தலைவர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் படிவத்தைக் குடுத்துடுங்க."

"ஏன், நகல் இல்லையா?"

"நகல்தான் சார். என்கிட்ட இருந்து."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அப்போ பூஜ்யம் யாருக்குப் போடறது?"

மேடம் அசடு வழிய, படிவத்தை நாலாகக் கிழித்தார். வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். பக்கத்தில் நாற்காலி காலி.

"முதல்ல உக்காரும்மா. உன்னை மறக்க மாட்டேன்." பச்சைப் பேனாவை அவள் கையில் கொடுத்தார். "உன் வரியைத் திரும்பப் போடு. என் வரிக்குப் பக்கத்துல என்ன எழுதணுமோ அதை எழுது."

அவள் தயங்கித் தயங்கி, ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினாள்: 'அதனாலென்ன'.

கேள்விக்குறியை விட்டுவிட்டாள். மேடத்தின் கை துறுதுறுத்தது. இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.