திறப்பு விழாவுக்குக் காத்திருந்த வீடுகள்

இளங்கோ நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தது ஒரே ஒரு தவணை. அந்தக் காலத்தில் அவர் பெயரில் போன கடிதங்கள் எல்லாம் நான் அடித்தவை. வேலைக்குச் சிபாரிசு, ஆஸ்பத்திரிக்குச் சிபாரிசு, பள்ளிக்கூட அனுமதிக்குச் சிபாரிசு. கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்னத் தட்டச்சுக் கடை இருக்கிறது. அவருக்கு நான் அரூஸ் நானா, எனக்கு அவர் தம்பி. நாலு பேர் சுற்றி நின்றால் மட்டும் வேண்டுமென்றே 'எம்.பி. ஐயா' என்பேன். காது சிவந்துவிடும் மனிதருக்கு.

அவர் கல்லாத்துத் தேயிலைத் தோட்டத்தின் மேட்டு லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர். அப்பா கறுப்பையா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார், அம்மா வேலாயி கொழுந்து பறித்தார். உயர்தரம் வரை படித்துவிட்டு, என் கடைக்கு அடுத்த ஹார்ட்வெயார் கடைக்குச் சீமெந்து விற்க வந்தார். தோட்டத்து ஆட்கள் சிங்களத்தில் கடிதம் வந்தால் அவரிடம் கொண்டுவருவார்கள். அவர் வாசித்துச் சொல்வார், நான் பதில் அடிப்பேன். அவருடைய அரசியல் அந்தக் கடை வாசலில்தான் தொடங்கியது. முதலில் பிரதேச சபை, பிறகு நாடாளுமன்றம். மேடைப் பேச்சு அவருக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. ஆனால் மையத்து வீடு, செத்த வீடு, கல்யாணம், ஒன்றையும் விடமாட்டார். விருப்பு வாக்குகள் அப்படி வந்தவை.

கொழும்பில் முதல் பேச்சுக்குக் கட்சி அவருக்குக் கொடுத்தது நான்கு நிமிடம். நான் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை எடுக்கவே இல்லை. மேட்டு லயத்துக்கு மேலே மலையில் விழுந்திருந்த வெடிப்பைப் பற்றி மட்டும் பேசினார். "போன வருசம் அதுல என் வெரல் நொழைஞ்சுச்சு. இந்த வருசம் கையே நொழையுது" என்றார். பாதி உறுப்பினர்கள் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். ஆனாலும் அந்தப் பேச்சு வேலை செய்தது. ஒன்றரை வருடம் படியேறி இறங்கி, தோட்டத்தின் கீழ்ப் பக்கத்துச் சமதரையில் இருபத்திரண்டு வீடுகளுக்கு அனுமதி வாங்கினார். மேட்டு லயத்து ஆட்களை அங்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே நோக்கம். சீமெந்து விற்ற கை அல்லவா, கலவையை விரலால் தேய்த்துப் பார்த்து மேசனிடம் சண்டை பிடிப்பார்.

ஆவணியில் வீடுகள் முடிந்தன. மக்கள் குடிபோகவில்லை.

இதை வெளியூர்க்காரருக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். நம் ஊரில் அரசாங்க வீடு என்றால் அமைச்சர் வந்து நாடா வெட்ட வேண்டும், கல்வெட்டில் திரை விலக்க வேண்டும், சாவியைத் தன் கையால் கொடுக்க வேண்டும். பிறகுதான் அடுப்பு பற்ற வைக்கலாம். அதற்கு முன்னால் சமைத்தால் புதுச்சுவர் கரி பிடிக்கும், படம் நன்றாக வராது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்களே, அதுதான். புரட்டாசியில் ஒரு திகதி தந்தார்கள், அமைச்சர் வெளிநாடு போனார். ஐப்பசியில் ஒரு திகதி தந்தார்கள், அமைச்சருக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியதாம். மார்கழிக்கு மூன்றாவது திகதி வந்தது. மூன்று அழைப்பிதழையும் அடித்த பாவி நான்தான்.

"சாவியைக் குடுத்துடுவோம் தம்பி. விழாவைப் பொறகு வெச்சிக்கலாம்" என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"அவரு வராம குடுத்தா கோவிச்சுக்குவாரு நானா. அடுத்த நாப்பது வீட்டுக்கு அவருதான் கையெழுத்துப் போடணும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் இன்றுவரை அவரை என்னால் திட்ட முடியவில்லை.

கார்த்திகைக் கடைசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. மூன்றாம் நாள் இளங்கோ கொழும்பில் இருந்தார், அன்று வரவு செலவுத் திட்ட வாக்கெடுப்பு. சாவிகள் இலக்கம் கட்டி ஓர் அட்டைப்பெட்டியில் என் கடையில் இருந்தன. காலை பத்து மணிக்கு அவருடைய தங்கை யசோதா அவருக்குப் போன் எடுத்தாள். அவள் மேட்டு லயத்தில்தான் குடியிருந்தாள். கணவன் முத்துலிங்கம் பிலிமத்தலாவையில் ஒரு பித்தளைச் சாமான் கடையில் வேலை. கூரையில் கல் உருண்டு விழுகிறது, கீழ்வீட்டுக்குப் போக வேண்டும், சாவி கொடுத்துவிடு என்று கேட்டிருக்கிறாள். நாளைக்கு நானே வந்து எல்லோருக்கும் கொடுக்கிறேன், இன்றைக்குக் கோயிலில் போய் இருங்கள் என்று சொல்லியிருக்கிறார் அண்ணன்காரர். சொந்தத் தங்கைக்கு முதலில் கொடுத்துவிட்டான் என்ற பேச்சு வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

போனை வைத்த பிறகு அவருக்கு மனம் ஆறவில்லை. பன்னிரண்டு மணி போல எனக்கு எடுத்தார். "நானா, மந்திரியும் வேணாம் ஒண்ணும் வேணாம். பெட்டிய எடுத்துக்கிட்டு இப்பவே போங்க. எல்லாருக்கும் குடுத்துருங்க" என்றார்.

ஆட்டோ பிடித்துப் போனேன். பாதி வழியில் மரம் விழுந்து கிடந்தது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். அட்டை நனைந்து கிழிந்துவிட, சாவிகளை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் அள்ளி முடிந்துகொண்டேன். தோட்டத்துக்குப் போய்ச் சேர மூன்று மணி. மேட்டு லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண்தான் இருந்தது. அரை மணிக்கு முன்னால் மலை சரிந்து வந்துவிட்டது என்றார்கள்.

பெரும்பாலானவர்கள் கோயிலுக்குப் போயிருந்தார்கள். யசோதாவும் போய்விட்டு, கோயிலில் இருந்த பிள்ளைகளுக்குப் போர்வை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறாள். அவளோடு சேர்த்து ஆறு பேர் மண்ணுக்குள் போனார்கள். கீழே இருபத்திரண்டு வீடுகளும் வெள்ளைச் சுவரோடு, ஒரு கீறல் இல்லாமல், பூட்டிக் கிடந்தன. அன்று நான் அழுத மாதிரி என் வாப்பா மௌத்தானபோதுகூட அழவில்லை.

இரண்டாம் நாள் அமைச்சர் வந்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இடுப்பில் கை வைத்து மலையைப் பார்த்தார், படம் எடுத்தார்கள், போனார். நாடா வெட்டவில்லை. சாவிகளை நானும் கிராம சேவகருமாக வாசல் வாசலாகக் கொடுத்தோம். இளங்கோ தங்கையின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். அவரிடம் ஒருவரும் கோபப்படவில்லை. "நீங்க என்னய்யா செய்வீங்க, வீடு கட்டிக் குடுத்தவரே நீங்கதானே" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அது அவரைக் கொன்றது. யாராவது ஒருவர் செருப்பால் அடித்திருந்தால் மனிதர் பிழைத்திருப்பார்.

அந்த நாற்பது வீடு வரவே இல்லை. நாடாளுமன்றத்தில் பிறகு அவர் அதிகம் பேசவும் இல்லை. பதவி முடிந்ததும் கட்டுகஸ்தோட்டை வீட்டோடு இருந்துகொண்டார். புது வீடுகளின் பக்கமே போகமாட்டார். தாய் வேலாயி அங்கே ஒன்றில்தான் இருக்கிறார். அவரைப் பார்க்க வேண்டுமானால் டவுனுக்கு அழைத்துவரச் சொல்வார்.

அடுத்த தேர்தலுக்கு வேட்புமனு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, முத்துலிங்கம் தோட்டத்து ஆட்கள் நாலு பேரோடு இளங்கோவின் வீட்டுக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன். ஊரே திரும்பவும் நிற்கச் சொல்கிறது என்றார்கள். இளங்கோ மறுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மற்றவர்கள் முற்றத்துக்குப் போனதும், அவர் முத்துலிங்கத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

"மச்சான், அன்னிக்குக் காலையில அவ எனக்குப் போன் எடுத்தா. சாவி கேட்டா. நாளைக்குன்னு சொன்னேன். சொந்தத் தங்கச்சிக்கு மொதல்ல குடுத்தேன்னு ஊரு பேசும்னு பயந்தேன்."

இத்தனை வருடம் இது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். முத்துலிங்கம் உட்கார்ந்திருந்த கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தான். எழுந்து அடித்துவிடுவானோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"கேட்டுட்டாளா?" என்றான். "ஒரு மாசமா அண்ணங்கிட்ட சாவி கேக்கவான்னு எங்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தா மச்சான். நான்தான் கேக்கக்கூடாதுன்னு சத்தம் போட்டு வச்சிருந்தேன். நாம மொதல்ல வாங்கினா ஊரு பேசும், ஒங்க பேரு கெட்டுப்போகும்னு. நான் சொன்னதால அவ கேக்காமலே செத்துட்டான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

இளங்கோ வாய்விட்டு அழுததை அன்றுதான் பார்த்தேன். முத்துலிங்கம் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். நான் வெளியே வந்து, எம்.பி. ஐயா இந்த முறை நிற்கவில்லை என்று முற்றத்தில் நின்றவர்களிடம் சொன்னேன்.