மாமியாரிடம் சொன்ன வலி

காவேரிப்பட்டினத்திலிருந்து கல்யாணமாகி ஓசூர் வந்து, கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அடிவயிற்று வலியும் வெள்ளைப்படுதலும் விடவில்லை. சொன்னால் என் நடத்தையைச் சந்தேகிப்பார்களோ என்று மறைத்தேன். ஒருநாள் காய்ச்சலோடு சமையலறையில் சுருண்டு விழுந்தபோது, மாமியார் தாங்கிப் பிடித்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“எனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு கண்ணு. வெக்கப்பட்டு மறைச்சேன். உன் புருசனுக்கு அப்புறம் வவுத்துல எதுவுமே தங்கல” என்றார்.

உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். கர்ப்பப்பையில் கிருமித்தொற்று, கணவரும் மருந்து சாப்பிட வேண்டும், இல்லையென்றால் திரும்பவும் தொற்றும் என்றார் டாக்டர். வீட்டில் கணவர், “எனக்கு எதுக்கு?” என்று முறைத்தார்.

“அவ தேறணும்னா நீயும் முழுங்குடா” என்று மாமியார் தண்ணீரை நீட்டினார். கணவர் வாங்கி மாத்திரையை விழுங்கினார்.

இப்போது வலி இல்லை. இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததை மாமியார் எனக்காகச் சொன்னாரே, அதை நினைத்தால்தான் கண் கலங்குகிறது.