அமாவாசையில் எடுத்த அளவு

1. கன்னியப்பன் வந்த நாள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நெசவாளர் கன்னியப்பன் எங்கள் டிபார்ட்மென்ட் வாசலில் வந்து நின்றார். வேலை நாளில், அந்த நேரத்தில், தறியை விட்டு எழுந்து ஒருவர் வருகிறார் என்றால் வீட்டில் சாவு, இல்லையென்றால் சண்டை.

நான் வேலை பார்ப்பது காஞ்சிபுரத்துக்கு வெளியே இருக்கிற ஒரு மருத்துவக் கல்லூரியில். கம்யூனிட்டி மெடிசின் டிபார்ட்மென்ட்டில் அட்டெண்டர். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. பெருக்கும் வேலைக்குச் சேர்ந்து, ஃபீல்டு வேலைக்குப் போய், இப்போது ஃபைல் எடுத்து வைக்கிறேன். அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறேன். ஃபீல்டுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் "என்ன கவனிக்கணும்க்கா?" என்று கேட்கிறார்கள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் படபடப்பு வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

கன்னியப்பன் கையில் ஒரு கடிதம் இருந்தது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் கல்லூரி வாரம் இரண்டு நாள் ஒரு பிசியோ ரூம் நடத்திக்கொண்டிருந்தது. நெசவாளர்களின் கை, முதுகு, கால் வலிக்குப் பயிற்சி கொடுக்கும் இடம். ஒரு வருஷச் சோதனை அது. நிரந்தரமாக நடத்த வேண்டும் என்று தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டு ஓர் ஆபீஸுக்கு மனு கொடுத்திருந்தார்கள். முதல் கையெழுத்து கன்னியப்பனுடையது. அந்த ரூமுக்குப் போன பிறகுதான் அவரால் வலது கையில் டம்ளரைத் தூக்க முடிந்தது.

"படிச்சுப் பாருமா செல்வி" என்று கடிதத்தை நீட்டினார்.

படித்தேன். நெசவாளர்களுக்குக் கை, கால் பாதிப்பு மற்ற தொழில் செய்கிறவர்களைவிடப் பெரிய அளவில் அதிகம் இல்லை என்று ஆய்வு சொல்கிறதாம். ஆகவே தனியாகச் சிகிச்சை அறை தேவையில்லையாம், நடந்துகொண்டிருந்ததையும் மூடியாயிற்றாம். கீழே ஆய்வின் பெயரைப் போட்டிருந்தார்கள். எங்கள் டாக்டர் எழுதிய பேப்பர். அதற்கு அளவு எடுத்தது நான்.

"நீ எழுதிக்கினு போனதுல நாங்கல்லாம் ஜோரா இருக்கோம்னு போட்டுருக்குதாமே?" என்றார் கன்னியப்பன்.

"நான் அப்படி எழுதலண்ணா. டேப்புல வந்ததத்தான் எழுதனேன்."

"எல்லார் வூட்டுக்கும் அமாவாசை அன்னிக்கித்தான வந்த? அன்னிக்கி எவன்மா தறில எறங்கறான்? குளிச்சி, கோயிலுக்குப் போயி, துன்னுட்டுப் படுத்துக்கினு இருக்கறவன் காலு எப்டிமா வீங்கும்?"

கடிதத்தை மடித்து அவர் கையில் திரும்பக் கொடுத்தேன்.

2. அமாவாசைக்கு எப்படிப் போனேன்

டாக்டர் வெளியூர்க்காரர். கெட்டிக்காரர். குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவர்களுக்கு நாள் முழுக்க கால் குழிக்குள் தொங்குகிறது, மிதியை மிதித்து மிதித்து சாயங்காலம் கணுக்கால் வீங்குகிறது, கைப்பிடி, அதாவது கை இறுக்கிப் பிடிக்கும் வலு, தளர்கிறது என்று நினைத்து இந்த ஆய்வை ஆரம்பித்தார். நான் பிள்ளையார்பாளையத்தில் குடியிருக்கிறேன் என்பதால் என்னைக் கூப்பிட்டார். கணுக்காலுக்கு டேப், கைப்பிடிக்கு ஒரு மீட்டர், இரண்டு பக்க ஃபாரம்.

"செல்வி, காலையில எடுக்கவே கூடாது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலதான். புரியுதா?" என்று மூன்று முறை சொன்னார். நானும் மூன்று முறை எழுதி வைத்துக்கொண்டேன்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். டேப் நழுவுமோ என்று ஒரே காலை மூன்று முறை அளப்பேன். பேனா மை பரவினால் புது ஃபாரத்தில் திரும்ப எழுதுவேன். வீட்டுக்கு வந்து, கடைசி வீட்டில் மீட்டரை விட்டுவிட்டேனோ என்று பையைக் கொட்டிப் பார்ப்பேன்.

ஆனால் வேலை நாளில் யாரும் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. கரையைத் தனி நாடாவால் நெய்து உடலோடு கோர்க்கும் கோர்வைச் சேலை என்றால் இரண்டு பேர் சேர்ந்து நெய்ய வேண்டும். ஒருவர் எழுந்தால் இன்னொருவர் சும்மா உட்கார வேண்டும். ஏழு மணி வரை நெய்துவிட்டு, குளித்து, சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள்.

"இழை அறுந்தா உங்க டாக்டரு வந்து முடிஞ்சு குடுப்பாரா?" என்று ஒருவர் கேட்டார்.

"அளவு எடுக்க வந்தியா? ஜாக்கெட்டு தெக்கறியாமா?" என்று ஓர் அம்மா கிண்டல் செய்தார்.

கடைசியில் எல்லோரும் சொன்னது ஒன்றே. "அமாவாசைக்கு வா. அன்னிக்கி லீவு, சும்மாத்தான் இருப்போம்."

எனக்கு அது சாமி வரம் கொடுத்த மாதிரி இருந்தது. அமாவாசை தோறும் போனேன். திண்டாட்டமே இல்லை. காலை நீட்டிக் காட்டினார்கள், காபி கொடுத்தார்கள். அஞ்சு மணிக்கு மேல்தான் எடுத்தேன். டாக்டர் சொன்னதில் ஒரு புள்ளி தவறவில்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன். அவர் நேரத்தைக் கேட்டார், நான் நேரத்தைப் பார்த்தேன். அன்றைக்குத் தறி ஓடியதா என்று ஃபாரத்தில் கட்டம் இல்லை. எனக்கும் அது தோன்றவில்லை. எதற்கெல்லாமோ பயந்த எனக்கு, பயப்பட வேண்டிய ஒன்றுக்குப் பயம் வராமல் போய்விட்டது.

3. பேப்பர் வந்தது

வெளிநாட்டு ஜர்னலில் பேப்பர் வந்தபோது டிபார்ட்மென்ட்டில் ஸ்வீட் கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்கிற இடத்தில் 'களப் பணியாளர்கள்' என்று இங்கிலீஷில் இருந்தது. "இதுல நீங்கதான்" என்று டாக்டர் காட்டினார். களத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

அதற்குப் பிறகு அவருடைய பப்ளிகேஷன் ஃபைல் என் பொறுப்பு. எந்த பேப்பர், எந்த ஜர்னல், வேறு யார் யார் அதைத் தங்கள் பேப்பரில் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்றெல்லாம் பிரிண்ட் எடுத்து வரிசையாக வைக்க வேண்டும். அப்படி எடுத்துச் சொல்வதற்கு சைட்டேஷன் என்று பெயர். இன்ஸ்பெக்ஷனுக்கும், ப்ரமோஷனுக்கும் அதைத்தான் எண்ணுவார்கள். டாக்டர் காலையில் வந்ததும் கம்ப்யூட்டரில் முதலில் அதைத்தான் திறப்பார். மற்ற பேப்பர்கள் அசையாமல் கிடந்தன. நெசவாளர் பேப்பர் மட்டும் ஏறிக்கொண்டே போனது. "செல்வி, இன்னொண்ணு வந்திருக்கு" என்பார். வாயெல்லாம் பல்லாக இருக்கும். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. யார் யாரோ, எந்தெந்த ஊரிலோ, நான் டேப் பிடித்து எடுத்த எண்ணை நம்பி எழுதுகிறார்கள் என்று.

அவர்கள் யார் ஊரிலும் அமாவாசைக்குத் தறி நிற்காது.

4. பீரோ

கன்னியப்பன் போன பிறகு பீரோவைத் திறந்து பழைய ஃபாரம்களை எடுத்தேன். ஒவ்வொன்றிலும் தேதி இருந்தது, என் கையெழுத்தில். வரிசையாக வைத்தால் மாதத்துக்கு ஒரு தேதி. காலண்டரோடு வைத்துப் பார்க்கத் தெரிந்த யாருக்கும் ஐந்து நிமிஷ வேலை.

அடியில் ஒரு சின்னக் கட்டு தனியாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு ஃபாரம். அமாவாசைக்கு வீட்டில் இல்லாதவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி வேலை நாளில் பிடித்து எடுத்தவை. அதில் கணுக்கால் அளவு எல்லாமே பெரிதாக இருந்தது. கைப்பிடி குறைவாக இருந்தது. மேலே டாக்டர் பென்சிலால் 'நீக்கவும்' என்று எழுதியிருந்தார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தக் கட்டை வைத்துக்கொண்டு அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "இது மட்டும் ஏன் இப்படி இருக்கு? டேப்பைத் தளர்த்திப் பிடிச்சீங்களா?"

நான் மூன்று முறை அளந்த கால்கள் அவை. தளர்த்திப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் டாக்டர் கேட்கிறார், நான் எட்டாவது. "இருக்கலாம் சார்" என்றேன். அவர் அவற்றைத் தனியே கட்டி வைத்துவிட்டார். உண்மையான அளவு அந்தக் கட்டில்தான் இருந்தது. அதை என் வாயாலேயே தள்ளிவிட்டேன்.

5. டாக்டர் ரூமில்

மறுநாள் போய்ச் சொன்னேன். அந்தச் சின்ன ஃபாரம் கட்டை மேஜைமேல் வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் புரட்டினார்.

"இதை ஏன் அப்பவே சொல்லலை?"

"தெரியல சார்."

"அமாவாசைன்னா லீவுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஊரே தெரிந்து வைத்திருப்பதை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை என்று சொல்லியிருக்கலாம். "மன்னிச்சுக்குங்க சார்" என்றுதான் வந்தது.

"அந்த ரூமை மூடிட்டாங்க சார். நம்ம பேப்பரக் காட்டித்தான் மூடியிருக்காங்க. ஜர்னலுக்கு எழுதிப் போட்டா தொறப்பாங்கல்ல சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ப்ரொஃபசர் இன்டர்வியூ அடுத்த மாசம். என் லிஸ்ட்ல மத்ததையெல்லாம் யார் படிக்கிறாங்க? உங்களுக்கே தெரியும், ஃபைல் உங்க கைலதான இருக்கு. இது ஒண்ணுதான் நிக்குது. இதை எடுத்துட்டா நான் யாரு?"

அவர் கெட்டவர் இல்லை. அந்த நிமிஷம் அவர் முகத்தில் இருந்த பயத்தை என் முகத்தில் நான் தினமும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கோபம்கூட ஒழுங்காக வரவில்லை.

கடைசியில் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தார். "என்ன நடந்ததுன்னு நீங்களே எழுதிக் குடுங்க. சமயம் பார்த்து அனுப்பறேன்." எழுதினேன். அமாவாசை நாட்களைத் தேர்ந்தெடுத்தது நான், டாக்டருக்குத் தெரியாது என்று. கட்டைப் பற்றியும் எழுதினேன். அவர் பென்சிலை எடுத்து அந்த வரியைச் சுற்றி, "இது வேண்டாம், குழப்பும்" என்றார். அதை விட்டுவிட்டுத் திரும்ப எழுதினேன். வேலை போய்விடும் என்ற பயம். இரண்டாவது முறையும் பயந்தேன்.

6. திருத்தம்

அவர் ப்ரொஃபசர் ஆன பிறகு ஜர்னலில் திருத்தம் வந்தது. ஒரே ஒரு பத்தி. களப் பணியாளரின் வசதிக்காகச் சில அளவுகள் ஓய்வு நாட்களில் எடுக்கப்பட்டன என்று இருந்தது. சில! இளநிலை டாக்டர் ஒருவர் படித்து அர்த்தம் சொன்னபோது அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்லச் சொன்னேன்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு கன்னியப்பனும் நானும் மனு கொடுத்த ஆபீஸுக்குப் போனோம். அங்கிருந்த கிளார்க் புரட்டிப் பார்த்தார். புரட்ட அதில் ஒன்றும் இல்லை.

"இது ஒரு பத்திதானேம்மா இருக்குது? அது பத்து பக்கம். அதுல டேபிள் இருக்குது, படம் இருக்குது."

"அந்த டேபிள்தான் சார் தப்பு."

"அப்ப புதுசா ஒரு ஸ்டடி பண்ணச் சொல்லுங்க. பேப்பர் வந்தா எடுத்துக்கினு வாங்க."

டாக்டர் அதற்குள் சர்க்கரை நோய் ஆய்வுக்குப் போய்விட்டார். பாலாற்றுப் பக்கம் ஓரிக்கை வரை அதற்கு வேறு பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்ததும் கன்னியப்பன் சிரித்தார். "வுடுமா. படுத்துக்கினு இருந்தவன் காலுக்குப் பத்து பக்கம். தறில இருக்கறவன் காலுக்கு ஒரு பத்தி."

மறு வருஷம் டாக்டரின் புதுப் பேப்பர் ஒன்று ஃபைலுக்கு வந்தது. உள்ளூர் வழக்கம் தெரியாமல் அளவு எடுத்தால் ஆய்வு எப்படித் தவறும் என்பதைப் பற்றி. அமாவாசை, தறி, எல்லாம் அதில் இருந்தது. அந்தச் சின்னக் கட்டும் இருந்தது, அவரே கண்டுபிடித்த மாதிரி. மீண்டும் ஸ்வீட் கொடுத்தார்கள். அந்தப் பேப்பரும் நன்றாக ஏறுகிறது. பழையதும் இன்னும் ஏறுகிறது. ஒற்றைப் பத்தித் திருத்தத்தை மட்டும் இதுவரை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. வரிசைப்படி மூன்றையும் நான்தான் அடுக்கி வைத்திருக்கிறேன்.

பிசியோ ரூமில் இப்போது கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் நாற்காலிகளை அடுக்கியிருக்கிறார்கள். கன்னியப்பனின் வலது கை மறுபடியும் டம்ளரைத் தூக்க முடியாதபடி ஆகிவிட்டது. தறியை விட்டுவிட்டு ஒரு சேலைக் கடை வாசலில் டோக்கன் கொடுத்து வண்டி நிறுத்துகிறார்.

பிள்ளைகளே, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். அளவு எடுக்கும் நாளில் அந்த மனிதர் என்ன வேலை செய்தார் என்று கேளுங்கள். ஃபாரத்தில் கட்டம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதுங்கள். பெரியவர்கள் 'தப்பா எடுத்தியா?' என்று கேட்டால், சரியாக எடுத்திருந்தால் சரி என்று சொல்லுங்கள். பயமாக இருந்தால் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லுங்கள். ரூமைத் திறக்க வைக்க அது போதுமா என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லிப் பார்க்கவில்லை.

கன்னியப்பன் என்னைப் பார்த்தால் இன்றைக்கும் "என்னாமா செல்வி, சாப்ட்டியா?" என்றுதான் கேட்கிறார். நான்தான் பஸ்ஸுக்கு அந்தக் கடையைத் தாண்டாமல் இரண்டு தெரு சுற்றிப் போகிறேன்.