வலது பக்கத்துக் கியர்

கேட்டக்காவுக்கு 'முடியாது' என்று சொல்வதில் தனி ருசி உண்டு. கல்யாணம் செய்துகொள் என்றார்கள், முடியாது என்றாள். அண்ணனுடைய வெல்டிங் பட்டறையில் ஃபோன் எடுத்துப் பேசினால் போதும் என்றார்கள்; முடியாது என்று கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இருபது வருடத்தில் அவள் பற்றவைத்த இரும்புக் கேட்டுகளை வரிசையாக நிறுத்தினால் ஊர் எல்லை வரைக்கும் போகும். பெயரும் அப்படி வந்ததுதான்.

ஆள் குள்ளம். கடையில் விற்கிற எந்த மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தாலும் கால் தரைக்கு எட்டாது. ஸ்கூட்டர் வாங்கிக்கொள் என்றார்கள். அவள் குழாய் வாங்கினாள். தன் உயரத்துக்கு அளந்து, வளைத்து, பற்றவைத்து, சீட்டைத் தாழ்த்தி ஒரு ஃபிரேம் செய்தாள். அதில் ஒரு சாதாரண எஞ்சினை உட்காரவைத்து, முறைப்படி பேப்பர் வாங்கி, ஒன்பது வருடம் அதில்தான் சைட்டுக்குப் போய் அளவெடுத்தாள். சைட்டில் வீட்டுக்காரர்கள் முதலில் வண்டியைப் பார்ப்பார்கள், பிறகு அவளைப் பார்ப்பார்கள், அதற்குப் பிறகு பேரம் பேச மாட்டார்கள்.

போன வருடம் ஒரு சைட்டில் கேட்டை இறக்கும்போது கயிறு அறுந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். அதில் பொய்யே கிடையாது. ஆனால் அழுது முடித்த கையோடு ஒரு மூன்று சக்கர ஸ்கூட்டரை வாங்கி வந்து வாசலில் நிறுத்திவிட்டான். அவன் பிடித்த முயலுக்கு மூன்று கால், வாங்கிய வண்டிக்கும் மூன்று சக்கரம்.

"இதுல போ. பத்திரமா இருக்கும்."

"அதுல காய்கறி வாங்கப் போலாம். சைட்டுக்குப் போக முடியாது."

"ஏன், இது ஓடாதா?"

"ஓடும். நான் ஓட்ட மாட்டேன்."

"இப்படி ஒத்தைக் கால்ல நின்னா எப்படி?" என்று கேட்டுவிட்டு அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள்தான் முதலில் சிரித்தாள்.

வீம்பு மட்டும் காரணமில்லை. இப்போது சைட்டுக்கு அண்ணன் போய்க்கொண்டிருந்தான். அவன் அளவெடுத்த முதல் கேட்டை மாட்ட ஒரு தூணையே இடிக்க வேண்டி வந்தது. அது கூடப் பரவாயில்லை. வீட்டுக்காரர்கள் அவனிடம் பேசப் பழகிவிட்டார்கள். பட்டறைக்குள் வந்தால் அவளைத் தாண்டிப் போய் அவனைத் தேடினார்கள். இன்னும் ஆறு மாதம் இப்படியே போனால் தான் வளர்த்த பட்டறையில் தானே கூலிக்காரி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நினைப்பு காலை விட அதிகமாக வலித்தது.

பழைய வண்டியின் சிக்கல் ஒன்றே ஒன்றுதான். கியர் இடது காலடியில் இருந்தது. செயற்கைக் காலுக்கு லீவர் இருப்பதே தெரியாது; குனிந்து பார்த்துத்தான் மிதிக்க வேண்டும். குனிந்து பார்த்துக்கொண்டே ரோட்டில் போனால் இருக்கிற காலும் போகும்.

எதிர்க் கடை எஞ்சின் மெக்கானிக்குப் பட்டப்பெயர் பிஸ்டன். ஒரு இடத்தில் நிற்க மாட்டான், வாயும் நிற்காது. டீ குடிக்க வந்தவன் பேச்சுவாக்கில் சொன்னான்: "அந்தக் காலத்து எஞ்சின்ல எல்லாம் கியர் வலது பக்கம்க்கா. இப்பத்தான் எல்லாத்தையும் மாத்திட்டானுங்க."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எங்க கிடைக்கும்?"

"அய்யோ, சும்மா சொன்னேன்க்கா."

சும்மா சொன்னதற்குத் தண்டனையாக மூன்று வாரம் அலைந்தான். கடைசியில் ஒரு மாவு மில்லின் பின்பக்கம் சாக்குக்கு அடியில் கிடைத்தது: பெரிய ஒற்றை சிலிண்டர், அவளுடைய பழைய எஞ்சினைப் போல ஒன்றரை மடங்கு கனம்.

அட்டையில் அச்சு வெட்டி வைத்துப் பார்த்தார்கள். ஃபிரேமில் இடம் போதவில்லை. தன் கையால் பற்றவைத்த ஃபிரேமைத் தானே அறுத்தாள். அண்ணனால் அதைப் பார்க்க முடியவில்லை, வெளியே போய்விட்டான். கீழ்க் குழாயை இரண்டு விரல் நீட்டி, எஞ்சினைத் தாங்க கனமான பிளேட்டுகள் வைத்து, செயின் கோணாமல் ஓட பின் சக்கரத்தை ஒரு நூல் நகர்த்தி, பின் பிரேக்கைக் கைப்பிடிக்குக் கொண்டுவந்தாள். எஞ்சின் மாற்றினால் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்ட வேண்டும். அதற்கும் தேதி வாங்கியாயிற்று.

கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டு நிமிர்ந்தபோதுதான் பிஸ்டனின் வாய் நின்றது.

"அக்கா. இதுக்கு செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது. மிதிக்கணும்."

"மிதிக்கலாம். வலது கால்லதானே?"

"வலது கால்ல மிதிக்க, இடது கால்ல நிக்கணும்க்கா."

கல்யாணச் சந்தடியில் தாலி கட்ட மறந்த கதைதான். கியரை நினைத்தார்கள், பிரேக்கை நினைத்தார்கள், செயினுக்காக ஒரு நூல் நகர்த்துவதைக்கூட நினைத்தார்கள். எஞ்சினை யார் உயிர்ப்பிப்பது என்று இரண்டு பேரும் நினைக்கவில்லை. செல்ஃப் மோட்டார் வைக்க அந்த எஞ்சினில் இடமும் இல்லை. அவள் உடனே மிதித்துப் பார்த்தாள். எஞ்சின் திருப்பி உதைத்தது, வண்டியோடு சாய்ந்து விழுந்தாள்.

அண்ணன் ஓடிவந்து தூக்கினான். "போதும். விட்டுடு."

"தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு."

அந்தச் செயற்கைக் காலை அவள் அதுவரை வேண்டாத விருந்தாளியாகத்தான் வைத்திருந்தாள். நடப்பாள், ஆனால் முழுப் பாரத்தையும் அதன் மேல் போட்டதே இல்லை. இப்போது பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸைப் பிடித்துக்கொண்டு அதில் மட்டும் நிற்கப் பழகினாள். முதல் நாள் நான்கு எண்ணுவதற்குள் விழுந்தாள். முழங்கால் வீங்கியது, தோல் உரிந்தது. அந்தக் காலைத் திட்டினாள், கேட்கக் கூசும் வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினாள். ஏழாம் நாள் வைஸை விட்டுவிட்டு முப்பது எண்ணினாள். எட்டாம் நாள் எஞ்சின் பத்துக்கு நான்கு முறை பிடித்தது.

சோதனை மைதானத்துக்கு வண்டியை ஒரு குட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதிகாரி எஞ்சின் நம்பரைச் சரிபார்த்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். "ஸ்டார்ட் பண்ணுங்க."

"வண்டி என்னோடது சார்," என்றாள்.

அவர் பார்வை கீழே போனது. அவளே பேன்ட்டைத் தூக்கிக் காட்டினாள். "இது இல்ல. அதான் கியரை வலது பக்கம் கொண்டுவந்தேன். பின் பிரேக் கையில இருக்கு. பாத்துக்கங்க."

முதல் மிதிக்கு எஞ்சின் முனகியது. இரண்டாவதில் செயற்கைக் கால் ஜல்லியில் வழுக்கியது. தோளில் அண்ணனின் கை விழுந்தது.

"கையை எடுண்ணா."

"விழுந்துடுவடி."

"விழுந்தா எந்திரிக்கிறேன். எடு."

எடுத்தான். மூன்றாவது மிதிக்கு எஞ்சின் பிடித்தது. எட்டுப் போட்டாள், நிறுத்தச் சொன்ன கோட்டில் நிறுத்தினாள். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அதிகாரி நல்ல மனுஷர். பேனாவைத் திறந்தபடி சொன்னார்: "மாற்றுத்திறனாளி வாகனம்னு போட்டுடறேன்மா. வரி கிடையாது."

"போடுங்க சார்," என்றான் அண்ணன்.

"வேண்டாம் சார். மோட்டார் சைக்கிள்னு போடுங்க."

"வரி கட்டணுமேம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எல்லாரும் கட்டறாங்கல்ல, நானும் கட்டறேன். நான் மாத்தினது எஞ்சின். அதை எழுதுங்க. என் காலைப் பத்தி எழுத இந்தத் தாள்ல கட்டமே இல்ல."

அவர் தாளை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். இல்லைதான். 'மோட்டார் சைக்கிள், இரண்டு சக்கரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் லாரியின் பின்கதவைத் திறந்தான். "ஏத்திடலாமா?"

அவள் அதற்குள் வண்டியில் ஏறியிருந்தாள். "இன்னிக்கு அளவெடுக்கிற வீடு எந்தப் பக்கம்?"

"நான் வர்றேன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கேன்."

"நான் வர்றேன்னு சொல்லு," என்றாள். இடது காலை ஊன்றி எழுந்து நின்று, மிதித்தாள்.