ஆறு வரிப் புரோகிராம்

எங்கள் மகளிர் குழுவுக்கு இலவசக் கம்ப்யூட்டர் வகுப்பு வந்தபோது இருபது பேர் வேண்டும் என்றார்கள். பத்தொன்பதுதான் தேறியது. ஐந்தாம் வகுப்போடு நின்ற என் பெயரையும் தலைவி எழுதிவிட்டாள். இண்டூர்ப் பக்கம் நாற்றுப் பண்ணையில் வேலை முடித்து வந்து கடைசி நாற்காலியில் உட்காருவேன். வாய் திறந்ததில்லை. ஆனால் புரோகிராமுக்கு வேண்டிய இங்கிலீஷ் சொற்கள் பத்துகூட இல்லை. மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒரு நாள் சார், ஓர் எண் பகா எண்ணா என்று கண்டுபிடிக்கும் புரோகிராம் எழுதச் சொன்னார். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாதது பகா எண். தொண்ணூற்றேழு என்றால் இரண்டு முதல் தொண்ணூற்றாறு வரை வகுத்துப் பார்க்க வேண்டும் என்றார். எல்லோரும் பதினைந்து வரி தட்டினார்கள். என்னுடையது ஐந்தே வரி. தொண்ணூற்றேழுக்கு ஒன்பது வரை பார்த்துவிட்டு நின்றுவிடும்.

"யாரு ஆயா எழுதிக் குடுத்தது? பேரனா?"

"பேரனுக்கு மூணு வயசுங்க சார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேராக 'காப்பி' என்று எழுதினார்.

பஸ்ஸில் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கி நடந்து வருகிறவள் நான். எழுந்து நின்றேன்.

தலைவி முந்தானையை இழுத்தாள். "உக்காருக்கா, குழு பேரு கெட்டுரும்."

"எம் பேரு கெட்டுக் கெடக்குதே!"

கீரை விதைக்க எடுத்துவந்த பழைய நாற்றுத்தட்டு பையில் இருந்தது. அதை அவர் மேசைமேல் வைத்தேன்.

"இதுல ஏழுக்குப் பதினாலு, தொண்ணூத்தெட்டுக் குழிங்க சார். திருப்பி வச்சாப் பதினாலுக்கு ஏழு. குழி கூடுச்சுங்களா?"

"இல்ல."

"அப்ப ஏழப் பாத்தாச்சுன்னா பதினாலத் தனியாப் பாக்கணுங்களா? பத்துக்குப் பத்தே நூறு ஆயிருது. தொண்ணூத்தேழு நாத்த வரிசையா அடுக்கணும்னா ஒரு பக்கமாவது ஒம்பதுக்குள்ள வந்தாகணும். வரலன்னா எதுலயும் வராதுங்க."

அவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கம்ப்யூட்டரில் 'ஒன்று' என்ற எண்ணைக் கொடுத்தார். பகா எண் என்றது. ஒன்று பகா எண் கிடையாது.

"மாட்டுனீங்களா ஆயா!"

அது என் பிசகுதான். உட்கார்ந்து ஒரு வரி சேர்த்தேன். ஆறாயிற்று. திரும்ப எழுந்தேன்.

"தப்பு என்னுது, திருத்திட்டனுங்க. காப்பின்னு எழுதுனத நீங்க அடிங்க."

அடித்தார். "பரீட்சையில மட்டும் நான் சொன்ன மாதிரி எழுதுங்க. இல்லன்னா மார்க் போடமாட்டேன்" என்றார்.

பரீட்சையில் அதே கேள்விதான் வந்தது. ஆறு வரி தட்டினேன். ஒன்று, தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு மூன்றையும் கொடுத்துச் சரிபார்த்தேன். மற்றவர்கள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"ஆயா, இன்னும் நேரம் இருக்குதே. நீட்டி எழுதிட்டுப் போறது!" என்றார் சார்.

"எதுக்குங்க?" என்றேன்.