கொசுமருந்து வண்டி லதாக்கா

முத்தம்மா பின்னிருக்கையில் ஏறி, போர்வையை மடியில் போட்டுக்கொண்டு, "ம்... போலாம்" என்று சொல்லும்வரை புஷ்பலதா கியரைத் தொடமாட்டார். பின்னால் எத்தனை வண்டி ஹாரன் அடித்தாலும் சரி. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தாமான் என்கிற எங்கள் குடியிருப்பின் குறுகலான சாலையில் காரை நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு, பின்பக்கம் திரும்பி விசாரணையைத் தொடங்குவார்.

"பசியாறியாச்சா? மருந்து சாப்பிட்டாச்சா? போர்வை இருக்கா?"

"எல்லாம் ஆச்சு லா."

"எல்லாம்னா என்னா? ஒன்னொன்னா சொல்லுங்க."

ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வந்த பிறகுதான் கார் நகரும். முன்னிருக்கையில் உட்காரும் என் மாமனார் கார்த்திகேசு ஒருகாலத்தில் காட்டு மரம் ஏற்றும் லோரி ஓட்டியவர். யாருக்கும் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவர். அவரே புஷ்பலதாவிடம் மட்டும், "பசியாறிட்டேன், மருந்தும் ஆச்சு, போர்வை பின்னால கெடக்கு" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல ஒப்பிப்பார்.

அவருக்கும், அதே தாமானில் இருக்கும் முத்தம்மாவுக்கும் சிறுநீரகம் பழுது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஈப்போவிலுள்ள ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போயாக வேண்டும். தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். அதற்குமேல் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அவர்களை வாசலில் ஏற்றி, நிலையத்தில் இறக்கி, முடிந்ததும் திரும்ப வாசலிலேயே கொண்டுவந்து விடுவதுதான் புஷ்பலதாவின் தொழில். ஊரில் எல்லோருக்கும் அவர் லதாக்கா.

ஐம்பதைத் தாண்டியவர். குள்ளம். இருக்கையில் தலையணை ஒன்றைப் போட்டு உட்கார்ந்தால்தான் ஸ்டியரிங்குக்கு மேலே சாலை தெரியும். கையுறைத் தொழிற்சாலையில் இளமை முழுவதும் நின்றே வேலை பார்த்தவர். "இனிமே உக்காந்துதான் சம்பாரிப்பேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்பார். வேலையை விட்டபோது வந்த சேமிப்பை முன்பணமாகக் கட்டி, ஏழு பேர் போகக்கூடிய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினார். அவர் குடும்பம் கண்ட முதல் புது வண்டி அது. ரப்பர்த் தோட்டத்தில் அவருடைய அப்பா வைத்திருந்த சைக்கிள்கூடக் கங்காணி ஓட்டித் தேய்த்துக் கழித்ததாம்.

காருக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். டாக்டர் சொன்ன அளவுக்குமேல் தண்ணீர்ப் போத்தலை யாரும் திறக்கக்கூடாது. திரும்பி வரும்போது நோயைப் பற்றிப் பேசக்கூடாது. யாராவது ஆரம்பித்தால் உடனே ரேடியோவை அலறவிடுவார். முத்தம்மா ஒருமுறை, "நான் செத்துப்போனா..." என்று வாயெடுத்தபோது, பாட்டுச் சத்தத்தில் பக்கத்து லோரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

கார் வாங்கிய இரண்டாம் ஆண்டில்தான் அந்தச் சங்கடம் வந்தது. ஈப்போவிலிருந்து திரும்பும் வழியில், எண்ணெய்க் குடுவைபோல ஒரு சிவப்பு விளக்கு ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரிந்தது. புஷ்பலதா ஓரங்கட்டினார். என் மாமனார் தள்ளாடி இறங்கி, பானெட்டைத் திறந்து, எஞ்சின் எண்ணெய் பார்க்கும் குச்சியை இழுத்துப் பார்த்தார்.

"லதா, எண்ணெயே இல்ல. காஞ்சு கெடக்கு!"

"போன மாசந்தானே அண்ணே சர்வீஸ் பண்ணேன்?"

பின்னிருக்கையில் முத்தம்மாவுக்குத் தலை சுற்றத் தொடங்கியிருந்தது. ரத்தச் சுத்திகரிப்பு முடிந்த உடம்பு, மேலே கொளுத்தும் வெயில். புஷ்பலதா ஒரு டாக்சியை மறித்து இருவரையும் ஏற்றி அனுப்பிவிட்டு, சாலையோரத்தில் தனியாக நின்றார். "அன்னிக்கு எனக்குக் காடி பத்திக் கவலை இல்ல" என்று பின்னொரு நாள் என்னிடம் சொன்னார்; காரைக் காடி என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். "முத்தம்மாக்கா கை சில்லுன்னு இருந்திச்சு. அதான் பயம்."

ஈப்போவில் அந்தக் கார் நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் ஹஃபிஸ் என்ற ஊழியர் காரைப் பார்த்தார். எங்கேயும் ஒழுகவில்லை. எஞ்சினே எண்ணெயைக் குடிக்கிறது. சில வண்டிகள் இப்படித்தான், இது சகஜம் என்றார். குறையும்போது ஊற்றிக்கொள்ளச் சொன்னார். "தம்பா சஜா, கக்." ஊற்றிக்கொண்டால் போதும், அக்கா. அதே ரகமாக இருந்தால் போதும், எந்தக் கடையில் வாங்கினாலும் சரி என்று மலாயில் அன்பாகவே விளக்கினார். சொன்னபடியே புஷ்பலதா ஊற்றினார். ஊற்ற ஊற்ற எஞ்சின் குடித்தது. பிறகு புகையத் தொடங்கியது. நீலம் கலந்த வெள்ளைப் புகை. டிங்கிக் கொசுவை விரட்டச் சுகாதார இலாகா அடிக்கும் புகைமாதிரி தாமான் முழுக்கப் பரவும். கார் திருப்பத்தில் தெரியும்போதே, "கொசுமருந்து வண்டி வருது, சன்னலைச் சாத்து!" என்று வீட்டுக்கு வீடு குரல் கேட்கும்.

"சிரிங்க, நல்லா சிரிங்க" என்பார் புஷ்பலதா. "ஒரு கொசு இருக்கா பாருங்க நம்ம தாமான்ல?"

சிரித்தாலும் அவர் சும்மா இருக்கவில்லை. வாரண்டி இன்னும் முடியவில்லை. திரும்பத் திரும்பச் சர்வீஸ் நிலையத்துக்குப் போய் நின்றார். கடைசியில் ஒரு சோதனை செய்தார்கள். எண்ணெய் ஊற்றும் மூடிக்கு முத்திரை ஒட்டி, குறிப்பிட்ட தூரம் ஓட்டிவிட்டு வரச் சொன்னார்கள். ஓட்டிவிட்டு வந்தார். முத்திரை அப்படியே இருந்தது, எண்ணெய்தான் பாதிக்குமேல் காணவில்லை. எஞ்சினில் கோளாறு என்பது நிரூபணமாகிவிட்டது என்று புஷ்பலதா நினைத்தார். கிளை நிர்வாகி சிவபிரகாசம் அறைக்குள் கூப்பிட்டார். சட்டை மடிப்புக் கலையாத மனிதர். மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, எஞ்சின் பழுதுதான். இல்லேன்னு சொல்லல. ஆனா நீங்க வெளி எண்ணெய் ஊத்தியிருக்கீங்க. அதுல கெட்டுப்போனா வாரண்டி செல்லாது."

"ஊத்தச் சொன்னதே இங்கதான் சார்."

"யாரு சொன்னது?"

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், கவுண்டரில் ஹஃபிஸ் தலையைக் குனிந்தபடி எதையோ தட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவிக்கு அது நிறைமாதம். போன வாரம்தான் அவரே சொல்லியிருந்தார்.

"இங்க வேலை செய்ற ஒருத்தர்" என்றார் புஷ்பலதா.

"பேரு?"

புஷ்பலதா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

நிலையத்திலிருந்து மாமனாரையும் முத்தம்மாவையும் ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில் காரில் பெரிய சண்டை. என் மாமனாருக்குப் பொறுக்கவில்லை. "பேர சொல்றதுக்கென்ன? உனக்குத் தெரியாதா அவன?"

"தெரியும்."

"அப்புறம்?"

"அண்ணே, ஃபேக்டரில நான் பாத்திருக்கேன். மேல உள்ளவன் சொல்லச் சொல்லுவான். பிரச்சினை வந்தா சொன்னவன் தலையில போட்டுட்டு வீட்டுக்கு அனுப்பிடுவான். அந்தப் பையன் சோத்துல மண்ணப் போட்டுட்டு நான் காடி ஓட்டணுமா?"

"அப்போ உன் சோறு?"

புஷ்பலதா ரேடியோவை அலறவிட்டார்.

நுகர்வோர் வழக்குகளைக் கேட்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று யோசனை சொன்னது நான்தான். அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்றதும் புஷ்பலதாவின் முகம் மலர்ந்துவிட்டது. "லாயர் வேணாமா? அப்போ நான் போதும்" என்றார்.

விசாரணை நாளன்று ஈப்போவில் மன்றத்தின் சிறிய அறை எங்களாலேயே பாதி நிறைந்துவிட்டது. சிகிச்சை இல்லாத நாள்தான் என்றாலும் முத்தம்மாவை வரவேண்டாம் என்று எல்லோரும் தடுத்தோம். "அந்தக் காடியில போற உசுரு என்னோடது. நான் வராம யாரு வாரது?" என்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். எதிர்ப்பக்கம் சிவபிரகாசம். பின்வரிசையில், காரைக் கையாண்ட ஊழியர் என்ற முறையில் ஹஃபிஸ்.

மன்றத் தலைவர் கண்டிப்பான அம்மையார். இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்டார். சோதனை முடிவைப் பார்த்தார். கேள்வி சுற்றிச் சுற்றி அந்த ஒரே இடத்துக்குத்தான் வந்தது. வெளி எண்ணெய் ஊற்றச் சொன்னது யார்?

"பேரைச் சொல்லமாட்டேன், புவான்" என்று தலைவரைப் பார்த்து மலாயில் சொன்னார் புஷ்பலதா.

அறையில் சலசலப்பு. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். யார் சொன்னார் என்று தெரியாமல், சொன்னார்கள் என்று மட்டும் எப்படி ஏற்பது? அதைச் சொல்லாவிட்டால் உங்கள் பக்கம் நிற்காதே என்று நிதானமாகவே எடுத்துச் சொன்னார்.

"சொல்லு லதா" என்று என் மாமனார் பல்லைக் கடித்தார். முத்தம்மா புஷ்பலதாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தார். புஷ்பலதா இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு நின்றார். வாய் திறக்கவில்லை. அவ்வளவுதான், தோற்றுவிட்டோம் என்று எனக்குத் தோன்றியது. இனி மாமனாரை யார் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று மனம் அந்தக் கணக்குக்குத் தாவிவிட்டது.

பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சாயா, புவான்."

நான்தான், அம்மா. ஹஃபிஸ் எழுந்து நின்றிருந்தார். முகம் வெளிறியிருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது. வெளியில் வாங்கி ஊற்றச் சொன்னது நான்தான். இவரிடம் மட்டுமல்ல, இதே கோளாறோடு வந்த எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னோம். சொல்லச் சொல்லித்தான் எங்களுக்கு ஊழியர் கூட்டத்தில் உத்தரவு. அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, புஷ்பலதாவைப் பார்த்து, "மஆஃப், கக்" என்று மன்னிப்புக் கேட்டார்.

தலைவர் சிவபிரகாசத்தின் பக்கம் திரும்பினார். இது உண்மையா? சிவபிரகாசம் எழுந்து நின்றார். அவர் நினைத்திருந்தால் மறுத்திருக்கலாம். ஓர் ஊழியரின் வார்த்தைக்கு எதிராக நிர்வாகியின் வார்த்தை.

"உண்மைதான்" என்றார். "அந்தக் கூட்டத்தை நடத்தியது நான்."

தீர்ப்பு எழுதி வாசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. நிறுவனம் தன் செலவில் எஞ்சினை மாற்றித் தரவேண்டும். புஷ்பலதாவுக்கு மலாய் நன்றாகவே தெரியும். இருந்தும் என் பக்கம் திரும்பி, "ஜெயிச்சிட்டேனா?" என்று தமிழில் கேட்டார். "ஜெயிச்சிட்டீங்க அக்கா" என்றேன். முத்தம்மா அந்த இடத்திலேயே குலவையிட்டார். தலைவர் முதலில் திடுக்கிட்டு, பிறகு கோப்புக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

வெளியே வாசலில் சிவபிரகாசம் எங்களுக்காகக் காத்திருந்தார். "எஞ்சின் வர்ற வரைக்கும் எங்க வண்டி ஒன்ன எடுத்துக்கிங்க அம்மா. இவங்க டயாலிசிஸ் நிக்கக்கூடாது" என்றார்.

"அது சரி சார். அந்தப் பையனுக்கு வேலை இருக்குமா? அத மொதல்ல சொல்லுங்க."

"உத்தரவு என்னோடதுன்னு மேலிடத்துக்கு நானே எழுதிட்டேன்னா, அவன்மேல கை வைக்க முடியாது. எழுதிடுறேன்."

எழுதினார். ஹஃபிஸ் இன்றும் அதே கவுண்டரில்தான் இருக்கிறார். அவருக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, புஷ்பலதா ஒரு பெரிய பாத்திரம் நிறைய நெய்ச்சோறு கொண்டுபோனார்; அந்த நிலையத்தின் மெக்கானிக்குகள் எல்லோரும் சாப்பிட்டார்கள். அதைவிடப் பெரிய காரியம், அந்தக் கிளை பழைய வாடிக்கையாளர்களைத் தானாகவே கூப்பிட்டு எண்ணெய் குடிக்கும் எஞ்சின்களைச் சோதிக்கத் தொடங்கியது. குனோங் ராபாட், தஞ்சோங் மாலிம் ஊர்களிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் புஷ்பலதாவுக்குப் போன் செய்து நன்றி சொன்னார்கள். "நான் என்னா பண்ணேன்? வாய மூடிக்கிட்டு நின்னேன், அவ்ளோதான்" என்பார் அவர்.

புது எஞ்சின் போட்டு வந்த முதல் நாள், தாமானில் சன்னல்கள் எல்லாம் திறந்தே இருந்தன. முத்தம்மா பின்னிருக்கையில் மகாராணிபோல வெளியே கைகாட்டிக்கொண்டு போனார். என் மாமனார் எஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுத்து, "இதுதான் வண்டி, லதா" என்று தலையாட்டினார். நெடுஞ்சாலையில் இரண்டு லோரிகளை முந்தியபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வெகுநாளாகப் பார்த்ததில்லை.

போன வாரம் மாமனாருக்குத் துணையாக நானும் போயிருந்தேன். அவர்களைச் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கிவிட்டு, பெட்ரோல் போட நிறுத்தினோம். அடுத்த பம்பில் அதே ரகத்தில் சிவப்புக் கார் ஒன்று. பின்னாலிருந்து மெல்ல நீலப்புகை. உள்ளே ஓர் இளம் பெண், பின்னிருக்கையில் குழந்தைகள். புஷ்பலதா கதவைத் திறந்து இறங்கி, விறுவிறுவென்று நடந்துபோய் அந்தக் காரின் கண்ணாடியைத் தட்டினார். கண்ணாடி பாதி இறங்குவதற்குள், இன்னொரு கை பானெட்டைத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டத் தொடங்கியிருந்தது.